இரைச்சல் மாதிரி

வெள்ளிக்கிழமைக்குள் தலைப்பு கொடுக்க வேண்டும்.
கொடுக்காதவர்களுக்கு
சீனியர்கள் பாதியில் விட்டதில் ஒன்று
தலையில் கட்டப்படும்.

நளினா நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஒன்று, இரண்டு எழுதி
மூன்றுக்கு நேராகக்
கேள்விக்குறி போட்டிருந்தாள்.

முதலாவது, இதயத் துடிப்பு.
டேட்டா இலவசம்.
எந்த ஊர்க்காரர்களின் இதயமோ,
ஏற்கெனவே வடிகட்டி, பெயரிட்டு,
பொட்டலமாகக் கிடைக்கிறது.
போன வருடம் ஆறு பேர் அதையே செய்தார்கள்.
ஆறு பேருக்கும் தொண்ணூற்றெட்டு சதவீதம்.
"நமக்கும் வரும்" என்றாள்,
ஆறிப்போன போண்டாவைப் பார்க்கிற முகத்தோடு.

இரண்டாவது, சோலூர்மட்டம் ஃபாக்டரியில்
இலை வாட்டும் விசிறி.
அப்பாவுக்கு அங்கேதான் நைட் ஷிஃப்ட்.
பேரிங் தேயத் தேய விசிறி குரல் மாறும்;
உடைவதற்கு முன்பே
எண்ணில் பிடித்துவிடலாம்.

மூன்று இரவு மைக் வைத்தோம்.
மூன்று இரவும்
தகரக் கூரைமேல் ஐப்பசி மழை
விசிறியை விழுங்கிவிட்டது.

வடிகட்டி எழுதினேன். அழித்தேன். எழுதினேன்.
நாலாவது முறை, திரையில்
விசிறியின் ஒலி
நட்ட கம்பியாக எழுந்து நின்றது.
துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.
நளினாவோ ஹெட்ஃபோனில்
நான் கழித்துப்போட்டதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.
"இங்கே வா. பதினொன்றே முக்காலுக்கு மேலே
துளி பெரிசாகுது, கேளு."

கேட்டேன்.
அரிசி புடைப்பதுபோல இருந்தது
புளியங்கொட்டை கொட்டுவதுபோல ஆனது.

எஸ்டேட் ஆபீசில் மழைமானி உண்டு.
ரைட்டர் பவுல்ராஜ்
காலை எட்டு மணிக்கு அளந்து எழுதுவார்.
நாளுக்கு ஒரே எண்: நாற்பத்திரண்டு.
அந்த நாற்பத்திரண்டு
விடிய விடியத் தூறியதா,
அரைமணியில் கொட்டி
கீழ்ரோட்டைச் சரித்துக்கொண்டு போனதா,
பதிவேட்டுக்குத் தெரியாது.
கூரைக்குத் தெரியும்.

ஷெரின் மேடத்திடம் போனோம்.
"நாய்ஸையே ப்ராஜெக்டாவா?" என்று சிரித்தார்.
பிறகு சிரிக்காமல் கேட்டார்:
"எத்தனை மாதிரி இருக்கு?"
மூன்று.
"மூன்று மழையை வைத்துக்கொண்டு
மழை மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லலாம்.
மழையைச் சொல்ல முடியாது.
மார்ச்சில் வைவா.
தை பிறந்தால் இங்கே பனிதான் இறங்கும்.
பனிக்குச் சத்தம் கிடையாது."

வாயடைத்துத் திரும்பினோம்.
சிக்கல்கள் அதோடு நிற்கவில்லை.
மழை விட்ட பிறகும்
சில்வர் ஓக் சொட்டிக்கொண்டே இருக்கும்;
கணக்கில் அது தூறல்.
ஒரு குரங்கு குறுக்கே ஓடினால்
எங்கள் மாடலில் ஆலங்கட்டி.
சராசரி வரும்.
சராசரிக்கு இரு பக்கமும் விரிகிற பிழையோ
ஒரு லாரி திரும்புகிற அகலம்.

"இதயமே போட்டுடலாமா?" என்றேன்.
பதில் இல்லை.
கேள்விக்குறியை அடித்துவிட்டு
அழுத்தி எழுதினாள்:
கூரை ஒலியிலிருந்து மழையின் செறிவு,
நம்பக எல்லைகளுடன்.
"எல்லை அகலமா இருந்தா
அகலமுன்னே எழுதுவோம்.
பொய்யா ஒடுக்க வேணாம்."

விசிறிக் கம்பிக்குப் பக்கத்தில்
இன்னொரு கம்பி, மெலிதாக, தெரிந்தது.
அதைத் தலைப்பாக்கவில்லை.
அப்பாவிடம் சொன்னேன்.
அப்பா ஃபிட்டரிடம் சொன்னார்.
ஃபிட்டர் என்னைத் திட்டிவிட்டு
கவரைக் கழற்றிப் பார்த்தாராம்.
பேரிங் மாற்றினார்களா என்று
இன்னும் தெரியாது.

வியாழன் மாலை படிவத்தை நிரப்பினோம்.
'மாதிரிகளின் எண்ணிக்கை' கட்டத்தில் மட்டும்
நளினா பேனாவை மூடிவிட்டு
பென்சிலால் 3 என்று போட்டாள்.

கட்டபெட்டில் பஸ் மாறும்போது தூறல் பிடித்தது.
டீக்கடைத் தகரத்தின் கீழே ஒதுங்கி
போனை உயர்த்திப் பிடித்தாள்.
"நாலு" என்றேன்.
"கூரை வேற. கணக்குல வராது" என்றாள்,
பதிவை நிறுத்தாமல்.